வரைபடம் இல்லாத கரையில் ரோபோவை ஓட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தானாக ஓடும் ரோபோக்களைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் இப்போது அடிக்கடி இடம்பெறுகின்றன. கரையில் ஒதுங்கும் குப்பையை அள்ளும் வண்டி, மீன் இறங்குதளத்தில் பெட்டி இழுக்கும் வண்டி என்று பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் மாணவர்கள் ஆர்வத்தோடு செய்கிறார்கள். நாளிதழ்களும் படத்தோடு வெளியிட்டு ஊக்கம் தருகின்றன. அச்செய்திகளில் வண்டியின் விலை இருக்கிறது, எடை இருக்கிறது, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் இருக்கிறது. ஆனால் அந்த வண்டி ஓடிக்காட்டிய இடம் அதற்கு முன்பே தெரிந்த இடமா, அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த இடமா என்பது மட்டும் இருப்பதில்லை. இராமநாதபுரம் கடற்கரையில் பயன்படப்போகும் எந்த ரோபோவிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பதும், பொதுப்பணத்தில் ஒன்றை வாங்குவதற்கு முன் அக்கேள்விக்கு விடை கிடைக்கும்படி அதைக் கரையிலேயே சோதிக்க வேண்டும் என்பதும் என் கருத்து. மின்னணுவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தெரிந்த இடத்தில் ரோபோவை ஓட்டுவது இன்று பெரிய வித்தை அன்று. தரையில் கறுப்பு நாடா ஒட்டி, அதைப் பார்த்தே ஓடும் வண்டியைப் பள்ளி மாணவர்களே செய்துவிடுகிறார்கள். அமேசான் 2012-இல் விலைக்கு வாங்கிய கிவா நிறுவனத்தின் கிடங்கு ரோபோக்கள் அலமாரிகளையே தூக்கிக்கொண்டு அலைகின்றன. பார்ப்பதற்கு வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றுக்காகத் தரை முழுவதும் குறியீட்டு வில்லைகள் ஒட்டப்பட்டுள்ளன. அவை ஓடும் பகுதிக்குள் ஆட்கள் நடமாடாதபடி ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது. அதாவது, ரோபோவுக்கு ஏற்றபடி இடத்தைத் திருத்தி அமைத்துவிட்டார்கள். கிடங்குக்கு அது சரிதான். பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ கீழக்கரையிலோ கரையை அப்படித் திருத்தி அமைக்க யாரால் முடியும்?

நம் கரையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ரோபோ செய்பவர்களில் பலர் மாவட்டத்துக்கு வெளியே இருப்பதால் சொல்கிறேன். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகும். அதற்கேற்ப நாட்டுப்படகுகள் மன்னார் வளைகுடாப் பக்கத்துக்கும் பாக் நீரிணைப் பக்கத்துக்குமாக இடம் மாறுகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் அத்தனையும் கரையை ஒட்டி அடைந்து கிடக்கின்றன; பழுதுபார்க்க மேலே இழுக்கப்பட்டவற்றைச் சுற்றி முட்டுக்கட்டைகளும் பெயின்ட் டப்பாக்களும் வெல்டிங் வயர்களும் இறைந்திருக்கும். தடை நீங்கிய சில நாளில் அதே இடம் வெறும் மணல். ஒரே நாளுக்குள்ளும் இதே கதைதான். விடியற்காலையில் பெண்கள் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிய இடத்தில் பத்து மணிக்குக் கருவாடு காய்கிறது. சாயங்காலம் அங்கே ஒரு வல்லம் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. நேற்று எடுத்த வரைபடத்தை நம்பி இன்று அங்கே ஓடும் வண்டி காய்கிற கருவாட்டின்மேல் ஏறும், அல்லது போய்விட்ட படகுக்குப் பயந்து வெறும் மணலில் நிற்கும்.

ஜி.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். சாதாரண ஜி.பி.எஸ். கருவி சில மீட்டர் பிழையோடு இடத்தைச் சொல்லும். தரைநிலையம் ஒன்றின் திருத்தத்தோடு இயங்கும் ஆர்.டி.கே. முறை சில சென்டிமீட்டருக்குள் சொல்லிவிடும். வண்டி எங்கே நிற்கிறது என்பதற்கு அது நல்ல விடை. வண்டியின் முன்னால் என்ன கிடக்கிறது என்பதற்கு அது விடையே அன்று. 2004 மார்ச் மாதத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான தார்ப்பா, மோஹாவி பாலைவனத்தில் ஓட்டுநரில்லா வாகனங்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. போக வேண்டிய தூரம் சுமார் 240 கிலோமீட்டர், பாதையின் ஜி.பி.எஸ். புள்ளிகள் போட்டிக்கு முன்பே கொடுக்கப்பட்டுவிட்டன. அப்படியிருந்தும் அதிக தூரம் போன வாகனமே 12 கிலோமீட்டரைத் தொடவில்லை. 2005-இல் மறுபடி நடந்த போட்டியில் ஐந்து வாகனங்கள் முழுப் பாதையையும் கடந்தன. வழிப்புள்ளிகள் இரண்டு முறையும் கொடுக்கப்பட்டவைதாம். முதலில் வந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி என்ற வாகனத்தைக் கரைசேர்த்தது, முன்னால் உள்ள தரையை லேசராலும் கேமராவாலும் தானே பார்த்து, ஓடத்தக்க தரை எது என்று போகிற போக்கிலேயே முடிவு செய்யும் திறன்.

வரைபடம் இல்லாமல், சென்சார் எனப்படும் உணரிகளை மட்டும் நம்பி வழி தேடுவது எப்படி என்பது பழைய கேள்வி. ஸ்டான்ஃபோர்டில் ஹான்ஸ் மொராவெக் மேம்படுத்திய கேமரா வண்டி 1979-இல் நாற்காலிகள் நிறைந்த ஓர் அறையை யார் உதவியும் இல்லாமல் கடந்தது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆயிற்று. ஒரு மீட்டர் நகரும். நின்று படம் எடுக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் கணக்குப் போடும். பிறகுதான் அடுத்த மீட்டர். இன்றைய கணினிகளுக்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை என்றாலும், பார்த்து, முடிவெடுத்து, சிறிது நகர்ந்து, மறுபடி பார்க்கும் அந்தச் சுழற்சி மாறவில்லை. வினாடிக்குப் பல முறை நடக்கிறது, அவ்வளவே.

இதற்குக் கணித முறையில் உறுதியான விடை தந்தவர்கள் விளாதிமிர் லுமெல்ஸ்கியும் அலெக்சாந்தர் ஸ்டெபானோவும். 1987-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் உள்ள இரண்டு வழிமுறைகளை ரோபோத் துறையினர் பக்-1, பக்-2 என்கிறார்கள். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பவருக்குத் தெரியும் அளவுக்குத்தான் இந்த ரோபோவுக்கும் தெரியும்: தொட்டால் உணரும், தான் இருக்கும் இடமும் இலக்கு இருக்கும் இடமும் அதற்குத் தெரியும், வேறு எதுவும் தெரியாது. முதல் வழிமுறைப்படி அது இலக்கை நோக்கி நேராகப் போகும். எதிலாவது முட்டினால் அதன் விளிம்பை ஒட்டியே ஒரு முழுச்சுற்று வரும். சுற்றும்போது இலக்குக்கு மிக அருகில் இருந்த புள்ளி எது என்று குறித்து வைத்து, அந்தப் புள்ளிக்குக் குறுகிய பக்கமாகத் திரும்பி வந்து, அங்கிருந்து மறுபடி நேராகப் புறப்படும். வழி என்று ஒன்று இருந்தால் இது கட்டாயம் போய்ச் சேரும் என்பதையும், வழியே இல்லையென்றால் அதையும் கண்டுபிடித்துவிடும் என்பதையும் அவர்கள் நிறுவினார்கள். நடக்கும் தூரத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு: சந்தித்த தடைகளின் சுற்றளவுகளைக் கூட்டி ஒன்றரை மடங்காக்கி, அதோடு நேர்த்தூரத்தைச் சேர்த்த அளவு. 12 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள ஒரு படகு குறுக்கே கிடந்தால், அதைச் செவ்வகமாகக் கொண்டு பார்த்தால் சுற்றளவு 32 மீட்டர். ஆக அந்தப் படகால் மோசமான நிலையில் கூடும் நடை 48 மீட்டர். இரண்டாம் வழிமுறை முழுச்சுற்று வருவதில்லை. புறப்பட்ட இடத்தையும் இலக்கையும் சேர்க்கும் நேர்கோட்டை இலக்குக்கு இன்னும் அருகில் உள்ள இடத்தில் மறுபடி சந்தித்ததும் தடையை விட்டு விலகிவிடும். பெரும்பாலும் இதுவே வேகமானது. வளைந்து நெளிந்த தடைகளில் மட்டும் வீண்சுற்று சுற்றும்.

இந்த உத்தரவாதம் ஒரே ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. தான் இருக்கும் இடம் ரோபோவுக்குப் பிழையில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணித் தூரத்தைக் கணக்கிடும் மலிவான முறை சிமென்ட் தரையில் ஓரளவு சரியாகவே வரும். தனுஷ்கோடிப் பக்கத்து உலர்ந்த மணலில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறிக்கும். கணக்கில் மட்டும் வண்டி ஐந்து மீட்டர் போயிருக்கும். எந்த நல்ல வழிமுறையும் இப்படிப் பொய்யான கணக்கின்மேல் உட்கார்ந்தால் பயனில்லை. கல்லூரிக் கூடத்தில் வெற்றி பெற்ற வண்டி கரையில் முதலில் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். சக்கரக் கணக்கு சொல்லும் நகர்வை, அசைவை அளக்கும் உணரியும் கேமராவும் சொல்லும் நகர்வோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வழுக்கலைக் கண்டுபிடித்துவிடலாம். அந்த ஒப்பீடு மென்பொருளில் இருக்கிறதா என்று கேட்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

தொட்டுத்தான் தடையை அறிய வேண்டும் என்பதில்லை, தூரத்திலிருந்தே உணரலாம் என்றபோது வேறொரு வழி பிறந்தது. உசாமா காதிப் 1986-இல் விரிவாக வெளியிட்ட விசைப்புல முறையில் இலக்கு ரோபோவைத் தன்பக்கம் இழுப்பதாகவும் ஒவ்வொரு தடையும் அதைத் தள்ளுவதாகவும் கணக்கிடுகிறார்கள். இரண்டின் கூட்டு எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் வண்டி போகும். எழுதுவதற்கு எளிது, ஓட்டத்தில் அழகு. மாணவர்கள் விரும்பி எடுப்பதில் வியப்பில்லை. இதன் குறைகளை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கோரனும் போரன்ஸ்டைனும் 1991-இல் விளக்கமாக எடுத்துக்காட்டினார்கள். இழுப்பும் தள்ளலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டால் வண்டி வழியிலேயே நின்றுவிடும். அடுத்தடுத்த இரண்டு தடைகளுக்கு நடுவே இடம் இருந்தாலும் நுழையாது. நுழைந்த சந்தில் இரு பக்கமும் மாறி மாறி அலைக்கழியும். அவர்கள் நம் கரையைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருக்கிறது. இரண்டு வல்லங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றி வைக்கப்பட்டு, அவற்றின் பின்முனைகளுக்கு இடையில் வலை குவிந்திருந்தால், அது மூன்று பக்கம் அடைத்த ஒரு பொறி. விசைப்புல முறையை மட்டும் கொண்ட வண்டி உள்ளே போய் நின்றுவிடும். வலையை எடுத்துவிட்டு வழியைத் திறந்து வைத்தாலும், ஆள் தாராளமாக நடந்து போகும் அந்த இடுக்கில் அது போகத் தயங்கும்.

அதற்குப் பின் வந்த முறைகள் பல. சூழலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் காலியா அடைபட்டதா என்பதற்கு ஒரு நிகழ்தகவைக் குறித்துக்கொண்டே போகும் முறையை மொராவெக்கும் ஆல்பர்ட்டோ எல்ஃபெஸும் 1985-இல் முன்வைத்தார்கள். ஒரே ஓர் அளவீட்டை நம்பாமல் பல அளவீடுகள் சேரச் சேர உறுதி கூடுவது இதன் சிறப்பு. உணரி பொய் சொல்லும் நம் கரைக்கு இது இன்றியமையாதது. ஃபாக்ஸ், புர்கார்ட், த்ரன் மூவரும் 1997-இல் தந்த முறை வேறொன்றைக் கவனித்தது. திசையை மட்டும் தேர்ந்தால் போதாது, வண்டியின் வேகத்தையும் பிரேக் திறனையும் கணக்கில் கொண்டு, முட்டுவதற்கு முன் நின்றுவிட முடிகிற வேகங்களை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி தன் வேகத்தை ஒவ்வொரு வினாடியிலும் வினாடிக்கு அரை மீட்டர் அளவு குறைக்க முடியுமானால், நிற்பதற்கு ஒரு மீட்டர் வேண்டும். பார்த்து முடிவெடுக்கக் கால் வினாடி ஆனால் இன்னும் 25 சென்டிமீட்டர். ஏலம் நடக்கும் இடத்தில் குழந்தைகள் குறுக்கே ஓடுவது எவ்வளவு அருகில் என்பதைப் பார்த்தவர்கள் இந்த எண்ணைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நெருக்கடியான இடங்களுக்கென்றே அமைந்தது ஸ்பெயினின் சரகோசா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிங்கேஸ், மொன்டானோ இருவரின் முறை. விரிவான கட்டுரை 2004-இல் வந்தது. தடை ஒரு பக்கம் நெருங்கியிருக்கிறதா, இரு பக்கமுமா, திறந்திருக்கும் வெளி அகலமா குறுகலா, இலக்கு அந்த வெளிக்குள் இருக்கிறதா என்று முதலில் சூழ்நிலையை இனம்பிரித்துக்கொண்டு, அதற்கதற்கு உரிய நகர்வைத் தேர்ந்தெடுப்பது அதன் போக்கு. கூட்டத்தில் நடக்கும் மனிதரும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எனினும் இதுவும் அருகில் உள்ளதை மட்டுமே பார்க்கும் முறை. பெரிய முட்டுச்சந்தில் சிக்கினால் மீள்வதற்கு, போன இடங்களை நினைவில் வைக்கும் கட்டப்படம் போன்ற ஒன்று கூடவே வேண்டும். ஆகவே வரைபடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓடிக்கொண்டே தானே வரைந்து, மாறியதை அழித்து, மறுபடி வரையத் தெரிந்த வண்டிதான் நமக்கு வேண்டும். யாரோ வரைந்து கையில் கொடுத்ததை மனப்பாடம் செய்த வண்டி அன்று.

வழிமுறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் உணரிக்குத் தெரியாத தடை, அந்த ரோபோவைப் பொறுத்தவரை இல்லாத தடைதான். இதை மண்டபம் பக்கத்தில் ஒரு கரையில் கண்ணாரக் கண்டேன். எனக்குத் தெரிந்த மாணவர்கள் தங்கள் வண்டியை அங்கே கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தார்கள். நல்ல உழைப்பாளிகள், கூடத்தில் வைத்த அட்டைப் பெட்டிகளையெல்லாம் வளைந்து வளைந்து கடந்த வண்டி. படகு நிழலில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "சார், இதுக்கு வலை தெரியுமா?" என்று கேட்டார். சென்சார் இருக்கிறது என்று மாணவர் ஒருவர் விடை சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி, முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்த நைலான் வலைக்குள் நேராகப் போய்விட்டது. சக்கரம் நிற்கவில்லை, வலையைச் சுருட்டி அச்சில் ஏற்றிக்கொண்டே இருந்தது. சுவிட்சை அணைத்த பிறகு ஒரு மாணவர் கத்தியை எடுத்தார். "வெட்டிறாதீங்க தம்பி, நான் எடுக்கிறேன்" என்று சொல்லி அந்த முதியவரே கீழே உட்கார்ந்து, சக்கரத்தைப் பின்புறமாகத் திருப்பித் திருப்பி, கண்ணி கண்ணியாக விடுவித்தார். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வலையில் சில கண்ணிகள் போயின.

நடந்ததற்குக் காரணம் எளியது. அந்த வண்டியில் இருந்தவை மாணவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலி உணரிகள். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர்; ஆகவே அந்த ஒலியின் அலைநீளம் எட்டரை மில்லிமீட்டரை ஒட்டியது. அட்டைப் பெட்டியின் தட்டையான பக்கத்தில் பட்டால் அது நன்றாக எதிரொலித்துத் திரும்பும். ஒரு மில்லிமீட்டர்கூடப் பருமன் இல்லாத நைலான் இழைகள் தளர்வாகக் குவிந்திருந்தால், பெரும்பகுதி ஒலி ஊடே போய்ச் சிதறிவிடும். மிகக் குறைவாகத் திரும்புவதை உணரி கணக்கில் எடுப்பதில்லை. ஃபைபர் படகின் வழவழப்பான அடிப்பக்கம் இதற்கு நேர்மாறான தொல்லை தரும். அது உள்நோக்கிச் சரிந்திருப்பதால், தாழ்வாகப் பொருத்திய உணரியின் ஒலி அதில் பட்டுத் தரையை நோக்கித் தெறித்துவிடும். அவ்வளவு பெரிய படகு எதிரே நிற்கும்போது உணரி வெளி திறந்திருக்கிறது என்று சொல்லும்.

லேசர் கற்றையைச் சுழற்றித் தூரம் அளக்கும் லைடார் இதைவிட மேல்தான். அதற்கும் நம் கரை எளிதாக விட்டுக்கொடுப்பதில்லை. விலை குறைந்த லைடார் ஒரே ஒரு கிடைத்தளத்தில்தான் பார்க்கும். அதற்குக் கீழே மணலில் கிடக்கும் வலையும், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கழியும் அதன் கண்ணில் படா. படகின் முனையிலிருந்து நங்கூரத்துக்குச் சரிந்து இறங்கும் கயிறு அந்தத் தளத்தை ஒரே புள்ளியில் வெட்டுகிறது. கற்றைகள் ஒரு பாகை இடைவெளியில் போனால், நான்கு மீட்டர் தொலைவில் இரு கற்றைகளுக்கு நடுவே 7 சென்டிமீட்டர் இருக்கும். விரல் பருமனுள்ள கயிறு அந்த இடைவெளியில் மறைந்துவிடுவது சாதாரணம். தேங்கிய கடல்நீரில் பட்ட கற்றை கண்ணாடியில் பட்டதுபோல் அப்பால் போய்விடும். நம் பகுதியில் ஓதம் பெரிதன்று, ஆனால் வடகடல் பக்கத்துத் தட்டையான கரையில் நீர் சிறிது ஏறி இறங்கினாலே சேறும் குட்டையும் இடம் மாறிவிடுகின்றன. அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி ஆழம் காணும் கேமராக்கள் அறைக்குள் அருமையாக வேலை செய்யும். நண்பகல் வெயிலில் சூரியனின் அகச்சிவப்பு ஒளியே அவற்றைத் திணறடித்துவிடும். இவையெல்லாம் போக, உப்புக்காற்று கண்ணாடிமேல் ஒரு படலம் பூசிவிடும். காலையில் துடைத்துவிட்டு மாலையில் தொட்டுப் பாருங்கள், விரலில் பிசுபிசுக்கும்.

ஆகவே ஒரே வகை உணரியை நம்பிய வண்டியை இந்தக் கரைக்கு ஏற்றது என்று சொல்லக்கூடாது. வேறு வேறு முறையில் தவறும் உணரிகளைச் சேர்த்து வைத்தால் ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கும். அதிகம் பேசப்படாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: மோட்டார் இழுக்கும் மின்னோட்டமே ஓர் உணரி. சக்கரத்தில் வலையோ கயிறோ சுற்றத் தொடங்கியதும் மின்னோட்டம் சட்டென ஏறும். அதை அளக்கும் சில்லு விலை மிகக் குறைவு. ஏறிய அந்த நொடியில் மோட்டாரை நிறுத்தும் நான்கு வரி நிரல் மண்டபத்தில் இருந்திருந்தால் அந்தக் கண்ணிகள் பிழைத்திருக்கும். விலை உயர்ந்த கேமராவுக்குக் கேட்கும் பணத்தில் சிறு பங்கை இதற்குச் செலவிடலாம்.

எந்த உணரியாலும் காண முடியாதவையும் இங்கே உண்டு. நம் கரைகளில் பங்குனி ஆமைகள் ஏறி மணலைத் தோண்டி முட்டையிடுகின்றன. வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய குழியின்மேல் கனமான வண்டி ஏறினால், மேலே தெரிவது வெறும் மணல்தான், லேசரும் கேமராவும் என்ன செய்யும்? இத்தகைய பகுதிகளையும் பருவங்களையும் மனிதர்களே எல்லைகட்டிக் கொடுத்துவிட வேண்டும். உணரியை நம்பி ஓடும் வண்டிக்கும் போகக்கூடாத இடம் என்ற ஒன்று உண்டு என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

கடலுக்குள் நிலைமை இன்னும் கடினம் என்பதைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். கடல்நீருக்குள் ஜி.பி.எஸ். அலைகள் எட்டுவதில்லை, கலங்கல் நீரில் கேமராவும் சில மீட்டருக்கு மேல் காணாது, ஒலிதான் துணை. 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிலும் பவளப்பாறைகள் உள்ளன. பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளின் கயிறுகளும் கைவிடப்பட்ட வலைகளும் நம் கடலில் குறைவில்லை. கரையில் வலையைக் காணாத வண்டியைச் செய்தவர்கள் அதே அறிவோடு கடலுக்குள் இறங்கக்கூடாது.

நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் பிரக்யான் ஊர்தி, 2023 ஆகஸ்டு 27 அன்று தனக்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் விட்டமுள்ள ஒரு பள்ளத்தை எதிர்கொண்டது. பள்ளம் இருப்பது நேரத்தோடு தெரிந்ததால், தரைக்கட்டுப்பாட்டிலிருந்து கட்டளை அனுப்பி வந்த வழியே திருப்பினார்கள். இஸ்ரோ அதை மறைக்கவில்லை. மறுநாளே படத்தோடு சொன்னது. தடையைக் கண்டதையும் திரும்பியதையும் வெற்றியாகவே நாடு எடுத்துக்கொண்டது. நம் ஊர்ச் செயல்விளக்கங்களில் மட்டும், வண்டி நின்றுவிட்டால் தோல்வி, ஓடிக்கொண்டே இருந்தால் வெற்றி என்ற எண்ணம் நிலவுகிறது. தெரியாத இடத்தில் ஐயம் வந்ததும் நிற்கும் வண்டிக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

உள்ளாட்சிகளும் துறைகளும் கரைக்கென்று ரோபோ வாங்கும் எண்ணம் கொண்டால், கூடத்திலோ அலுவலக வளாகத்திலோ காட்டும் ஓட்டத்தை ஏற்றுக்கொள்ளக்கூடாது. மீனவர் சங்கத்தின் ஒப்புதலோடு இறங்குதளத்தின் அருகில் ஒரு துண்டு மணலைச் சோதனைக்கு ஒதுக்கலாம். அங்கே பழைய வலை, நங்கூரக் கயிறு, ஐஸ் பெட்டி, கவிழ்த்த வல்லம் ஆகியவற்றை வைப்பது ரோபோ செய்தவர்களாக இருக்கக்கூடாது. அந்தக் கரையில் தொழில் செய்பவர்கள் தம் வழக்கப்படி வைக்க வேண்டும், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் மாற்றியும் வைக்க வேண்டும். வண்டியைக் கொண்டுவந்தவர்கள் அதுவரை அந்த இடத்தைப் பார்த்திருக்கக்கூடாது. காலையில் ஒரு முறை, நண்பகல் வெயிலில் ஒரு முறை, நீர் ஏறியிருக்கும்போது ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். இலக்கை அடைந்ததா என்பதோடு, எத்தனை முறை மனிதர் கைகொடுக்க வேண்டியிருந்தது, எதைக் காணாமல் விட்டது, வழி அடைபட்டபோது அதை உணர்ந்து நின்றதா என்பதையும் எழுதி வைக்க வேண்டும். கல்லூரிகளும் தங்கள் போட்டிகளை இப்படி அமைத்துக்கொண்டால் மாணவர்களுக்குக் கிடைக்கும் படிப்பு வேறு தரத்தில் இருக்கும். அட்டைப் பெட்டி ஒருபோதும் அவர்களை ஏமாற்றியதில்லை, வலை ஏமாற்றும்.

தங்கள் செய்தியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய ரோபோவைப் பற்றி எழுதும்போது, அந்த இடத்தை அது முன்பே அறியுமா, வரைபடம் கொடுக்கப்பட்டதா, தடைகளை வைத்தவர் யார் என்பதைக் கேட்டு ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். வாங்கும் துறையினர், சோதனையின்போதும் அதற்குப் பின் வேலையின்போதும் வலையோ கயிறோ கருவாடோ சேதமானால் உரியவருக்கு ஈடு தர வேண்டியது யார், எத்தனை நாளுக்குள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, அதன் படியைச் சங்கத்திடமும் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுவியல் ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.